மாடிக்கு மாடி வயர்லெஸ் பிரிட்ஜ்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வீட்டில் ஃபைபர் இருக்கிறது. 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தோப்பு வீட்டுக்கும் நெட் வேண்டும். நல்ல பவரான ரவுட்டர் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: ரவுட்டரை விடுங்கள் தம்பி, அது நாலாபக்கமும் இறைக்கும். உங்களுக்கு வேண்டியது ஒரே திசையில் பாய்ச்சுகிற 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ், பக்கத்துக்கு ஒன்று. யுபிக்விட்டி லைட்பீம், மைக்ரோடிக் எல்எச்ஜி மாதிரி. வாங்கும் முன் மொட்டை மாடி ஏறிப் பாருங்கள். தோப்பு வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை என்றால், முதல் செலவு உயரமான ஜிஐ பைப்புக்குத்தான்.

கேள்வி: தென்னை ஓலைக்கு மேலே மட்டுமட்டாகத் தெரிகிறது. போதுமா சார்?

பதில்: போதாது. ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி போகாது, நடுவழியில் உப்பும். ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில் 3 கிலோமீட்டருக்கு அந்த உப்பலின் ஆரம் நடுவில் 6 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் 60 சதவீதமாவது, அதாவது பார்வைக் கோட்டுக்குக் கீழே சுமார் 4 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். ஈர ஓலை அலையை நன்றாகவே குடிக்கும். காலையில் ஓடி, காற்றடித்தால் அறுந்துபோகிற லிங்க்குகளில் முதலில் மரத்தைத்தான் சந்தேகப்படுவேன். தென்னை இன்னும் வளரும், அதையும் சேர்த்து உயரம் வையுங்கள்.

கேள்வி: வைஃபை அவ்வளவு தூரம் போகுமா?

பதில்: தாராளமாக. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமப் பார்வை மையங்களோடு பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைஃபையில்தான் இணைத்தார்கள். நோயாளி ஊரில் இருந்தபடியே டாக்டரிடம் வீடியோவில் பேசினார். சாதாரண வைஃபை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 'வந்தது' என்ற பதிலுக்காகக் காத்திருக்கும்; தூரம் கூடினால் அதிலேயே நேரம் போய்விடும். அதனால் இரு முனைக்கும் முறை வைத்துப் பேச நேரம் பிரித்தார்கள். இன்றைய யுபிக்விட்டி கருவிகளில் உள்ள ஏர்மேக்ஸ் முறை செய்வதும் அதே வகை வேலைதான்.

கேள்வி: டிஷ்ஷை எப்படித் திருப்புவது? சிக்னல் -78 dBm தான் வருகிறது.

பதில்: டெசிபலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்; மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம். அனுப்பும் பவர் 20, இரண்டு டிஷ்ஷும் குவித்துக் கூட்டுவது தலா 23, காற்றில் இழப்பு 117. ஆக -51 பக்கம் வர வேண்டும். -78 என்றால், வழியில் மறைப்பு இல்லாத பட்சத்தில், டிஷ்ஷின் நடுக் கதிரை விட்டு, ஓரத்தில் கசிகிற பலவீனமான பக்கக் கதிரில் மாட்டியிருக்கிறீர்கள். ஒருவர் போனில் எண்ணைச் சொல்ல, மற்றவர் மெல்லத் திருப்புங்கள். உச்சம் வந்ததும் நிறுத்தாமல் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள். அப்புறம் மேல் கீழ். ஒரு சமயத்தில் ஒரு முனையை மட்டும் தொடுங்கள்.

கேள்வி: மழை, இடி?

பதில்: மழைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அசராது, 60 கிகாஹெர்ட்ஸ்தான் படுத்துவிடும். இடிக்கு ஷீல்டு உள்ள வெளிப்புற கேபிள், சர்ஜ் புரொடெக்டர், பைப்புக்கு எர்த். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேள்வி: லைசென்ஸ்?

பதில்: 2018 முதல் இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு வேண்டாம், பவர் வரம்புக்குள் இருந்தால். செட்டிங்கில் நாடு இந்தியா என்றே வையுங்கள்.

கேள்வி: லிங்க் பச்சை, நெட் மட்டும் இல்லை.

பதில்: தோப்பு வீட்டு ரவுட்டரில் டிஎச்சிபியை (தானாக ஐபி எண் கொடுக்கும் வசதி) அணைத்து, அதன் ஐபியை வீட்டு ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள்.