அறுபதுக்குப் பிறகு பயணம்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பயணத்தைப் பற்றியவை. கோடை விடுமுறைக் கூட்டம் ஓய்ந்தபின் புறப்படலாம் என்று மூத்தவர்கள் திட்டமிடும் காலம் இது என்பதால், பலருக்கும் பயன்படக்கூடிய ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 68, என் மனைவிக்கு 63. மகன் குடும்பத்தையும் சேர்த்து ஐந்து பேருக்கு ஒரே டிக்கெட்டாக முன்பதிவு செய்து சென்னைக்கு ரயிலில் போனோம். எனக்கு மேல் பெர்த்தும் மனைவிக்கு நடு பெர்த்தும் கிடைத்தன. மூத்த குடிமக்களுக்குக் கீழ் பெர்த் கொடுப்பார்கள் என்கிறார்களே, எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஐந்து பெயர்களையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்ததுதான் காரணம், ஐயா. 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் சில கீழ் பெர்த்துகளை ரயில்வே ஒதுக்கி வைக்கிறது. ஸ்லீப்பர் பெட்டியில் ஆறு அல்லது ஏழு, மூன்றடுக்கு ஏ.சி.யில் நான்கு அல்லது ஐந்து, இரண்டடுக்கு ஏ.சி.யில் மூன்று அல்லது நான்கு என்பது கணக்கு. ஆனால் இந்த ஒதுக்கீடு, தனியாகவோ இருவராகவோ பயணம் செய்யும் மூத்தவர்களுக்கு மட்டுமே உரியது. மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்த்தாலும், இருவரில் ஒருவர் வயது குறைந்தவராக இருந்தாலும், கணினி உங்களைப் பொது வரிசையில் வைத்தே இடம் தேடும். அப்போது கீழ் பெர்த் கிடைப்பது அன்றைய இருப்பைப் பொறுத்தது.

ஆகவே அடுத்த முறை உங்கள் இருவருக்கும் தனி டிக்கெட் எடுத்துவிடுங்கள். இணையத்தில் பதிவு செய்யும் மகனிடம், ‘லோயர் பெர்த் – சீனியர் சிட்டிசன்’ என்ற ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பலர் ‘ஜெனரல்’ என்று இருப்பதை மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள். இப்படிச் செய்வதால் மகன் குடும்பம் வேறு பெட்டியில் அமர நேரிடலாம். பேரக்குழந்தைகளோடு சேர்ந்து போகும் மகிழ்ச்சி சற்றுக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் சாப்பிட்டு முடிக்கும் வரை அவர்கள் உங்கள் பெட்டியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம். இரவில் ஏணியில் ஏறி இறங்கும் ஆபத்து உங்களுக்கு இருக்காது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அம்மாவை அவருடைய 71ஆவது வயதில் அவசரமாக ஊருக்கு அழைத்துச் சென்றபோது மேல் பெர்த்துதான் கிடைத்தது. அந்தக் குறுகலான இரும்பு ஏணியின் இரண்டாவது படியில் வலது காலை வைத்தார். கம்பியைப் பிடித்த கை நடுங்கியது. “வேண்டாம்பா, நான் உட்கார்ந்தே வர்றேன்” என்று இறங்கிவிட்டார். எதிரில் இருந்த இளைஞர் ஒருவர் தம்முடைய கீழ் பெர்த்தைக் கொடுக்கும் வரை, ஜன்னலோரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அமர்ந்திருந்த காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. அதன் பிறகு கீழ் பெர்த் உறுதியாகாமல் அவரை நான் இரவு ரயிலில் ஏற்றியதில்லை.

முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்கு முன் 120 நாட்களாக இருந்தது. திறக்கும் நாளன்றே பதிவு செய்வது நல்லது. அப்படியும் கிடைக்காவிட்டால், ரயில் புறப்பட்ட பிறகு காலியாக இருக்கும் கீழ் பெர்த்தை மூத்தவர்களுக்கு மாற்றிக் கொடுக்கப் பயணச்சீட்டுப் பரிசோதகருக்கு அதிகாரம் உண்டு. தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. உதவி தேவைப்பட்டால் 139 என்ற எண்ணை அழைக்கலாம்.

கட்டணச் சலுகையைப் பற்றியும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆண்களுக்கு 60 வயதிலிருந்து 40 சதவீதமும் பெண்களுக்கு 58 வயதிலிருந்து 50 சதவீதமும் இருந்த சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ஓய்வூதியமே இல்லாத கோடிக்கணக்கான முதியவர்கள் வாழும் நாட்டில், குறைந்தபட்சம் ஸ்லீப்பர் வகுப்பிலாவது அந்தச் சலுகை இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எனக்கு வயது 66. கணவர் காலமாகி ஓராண்டு முடிந்தது. அறுபடை வீடுகளையும் பார்த்துவிட வேண்டும் என்று இருவரும் ஆசைப்பட்டோம், முடியாமல் போயிற்று. இப்போது நான் மட்டும் போகிறேன் என்றால் உறவினர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு முழங்கால் வலியும் உண்டு. போகலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போகலாம், அம்மா. கணவரை இழந்த பெண் கோயிலுக்குப் போவதற்கு உறவினரின் அனுமதி தேவையில்லை. அவர்களிடம் வாதாட வேண்டாம். நாளைக் குறித்துவிட்டு, “இன்ன தேதியில் கிளம்புகிறேன், இன்ன தேதியில் திரும்புவேன்” என்று தகவலாக மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் முழங்காலைச் சோதித்துப் பார்க்கப் படை வீடுகளுள் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. சுவாமிமலைக்குப் படிகள் 60, தமிழ் ஆண்டுகளின் பெயர்களைத் தாங்கியவை. கட்டணமில்லா நகரப் பேருந்தில் ஒரு காலை வேளை போய், பத்துப் பதினைந்து படிக்கு ஒரு முறை நின்று நின்று ஏறிப் பாருங்கள். ஏறும்போது வலிக்கிறதா என்பதைவிட, இறங்கும்போது எப்படி இருக்கிறது, மறுநாள் காலையில் பாயிலிருந்து எழும்போது எப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்த விடை கையில் இருந்தால் மற்ற ஐந்தையும் திட்டமிடுவது எளிது.

திருச்செந்தூர் கடற்கரைக் கோயில். மலையேற்றம் இல்லை, கூட்டம்தான் சோதனை. திருப்பரங்குன்றம் மலையடிவாரக் குடைவரை. உள்ளே மண்டபத்துக்கு மண்டபம் படி ஏறி உயர்ந்துகொண்டே போகும் என்பதால் அவசரப்படாமல் ஏற வேண்டும். பழமுதிர்சோலைக்கு அழகர்கோயிலிலிருந்து மேலே வரை வண்டி போகிறது. திருத்தணியில் ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள் இருந்தாலும், மலைமேல் வரை சாலை உண்டு. பழனியின் 693 படிகளை நீங்கள் ஏறவே வேண்டாம். விஞ்ச், ரோப் கார் இரண்டும் இருக்கின்றன. காற்று பலமாக வீசினாலும் பராமரிப்பு நாட்களிலும் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் விஞ்ச் நிலையத்தில் வரிசை நீளும். கிளம்புவதற்கு முதல் நாள் தேவஸ்தானத்துக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம், கந்த சஷ்டி, ஆடிக் கிருத்திகை ஆகிய நாட்களைத் தவிர்த்துச் சாதாரண வாரநாளில் போனால், சந்நிதியில் ஒரு நிமிடமாவது நின்று கும்பிட முடியும்.

இந்து சமய அறநிலையத் துறை, 2024 ஜனவரி முதல் 60 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் உள்ளவர்களைக் குழுவாகக் கட்டணமின்றி அறுபடை வீடுகளுக்கு அழைத்துச் செல்கிறது. ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உடல்தகுதிக்கு மருத்துவச் சான்று கேட்பார்கள். உங்கள் பகுதி இணை ஆணையர் அலுவலகத்தில் விசாரியுங்கள். உங்கள் வயதை ஒத்தவர்களோடு போகும் பயணம் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அந்தக் குழுவில் உங்களைப் போலவே துணையை இழந்தவர்கள் சிலராவது இருப்பார்கள்.

கேள்வி: நீண்ட தூரம் பேருந்தில் போனால் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பயந்து முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறேன். இது சரியா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சரியல்ல, அம்மா. இதை வெளிப்படையாக எழுதிக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெண்களில் மிகப் பலர் இதே காரணத்துக்காகவே வெளியூர்ப் பயணத்தை விட்டுவிட்டார்கள், யாரிடமும் சொல்வதில்லை. வயதாக ஆகத் தாக உணர்வே குறைந்துவிடும். அதோடு தண்ணீரையும் நிறுத்தினால் தலைச்சுற்றல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று என்று வரிசையாக வரும். ஒரேயடியாகச் சொம்பு நிறையக் குடிக்காமல் வாய் வாயாகக் குடியுங்கள். கிளம்பும் முன் காபியைத் தவிருங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், பயண நாளில் அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இயன்றவரை ரயிலில் போங்கள், கழிப்பறை கூடவே வரும். காரில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பெட்ரோல் பங்க்கில் நிறுத்த வேண்டும் என்று ஓட்டுநரிடம் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள். இந்தத் தொந்தரவு அண்மையில்தான் தொடங்கியது என்றால் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். கேதார்நாத் போயே தீர வேண்டும் என்கிறார். ஹெலிகாப்டரில் போனால் நடக்க வேண்டியதில்லை, ஆபத்தில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஹெலிகாப்டர் ஆபத்தைக் குறைக்கிறது என்பது பாதி உண்மைதான். கௌரிகுண்டிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலைப்பாதையில் நடக்கும் சிரமத்தை அது மிச்சப்படுத்துகிறது. ஆனால் கேதார்நாத் கடல் மட்டத்திலிருந்து 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியே 2,240 மீட்டர்தான். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. நடந்து ஏறுகிறவரின் உடல் அதற்குக் கொஞ்சமாவது பழகிக்கொள்ளும். ஹெலிகாப்டர் சில நிமிடங்களில் கொண்டுபோய் இறக்கிவிடுவதால் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு இது சிறிய விஷயமல்ல. பத்ரிநாத்துக்குக் கோயில் அருகில் வரை சாலை இருக்கிறது என்று நிம்மதி அடைகிறவர்களும் இதையே மறந்துவிடுகிறார்கள். அதுவும் 3,100 மீட்டருக்கு மேல்.

ஆகவே முதலில் அவருடைய இதய மருத்துவரிடம், “பயணம் போகலாமா?” என்று பொதுவாகக் கேட்காமல், “3,500 மீட்டர் உயரத்துக்குப் போகலாமா?” என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் வழியில் நடுத்தர உயரத்தில் ஓரிரு இரவுகள் தங்கி, ஓய்வெடுத்து ஏறும்படி திட்டமிடுங்கள். மூச்சு வாங்குவதோ தலைவலியோ குமட்டலோ தொடங்கினால், தரிசனம் ஆகாவிட்டாலும் உடனே கீழே இறங்கிவிடுவது என்று அப்பாவும் நீங்களும் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். துணைக்கு ஒருவர் கட்டாயம் போக வேண்டும், அது நீங்களாகவே இருந்தால் நல்லது.

மருத்துவர் மறுத்தால், அந்தச் செய்தியை மருத்துவரே அப்பாவிடம் நேரில் சொல்லட்டும். நீங்கள் முடிவெடுத்துவிட்டு அவரிடம் அறிவிப்பது, எத்தனை அக்கறையோடு செய்தாலும், அவருக்கு அவமானமாகப் படும். அதன்பின் அவரே விரும்பினால், ஹரித்துவாரிலும் ரிஷிகேசத்திலும் நான்கைந்து நாட்கள் கங்கைக் கரையில் தங்கிவரலாம். கேதார்நாத்தின் அடிவாரத்திலிருந்து வரும் மந்தாகினி, ருத்ரபிரயாகையில் அலகநந்தாவோடு கலந்து, பிறகு கங்கையாகி அங்கேதான் இறங்கி வருகிறது. மாலை ஆரத்தி நேரத்தில் படித்துறையில் உட்கார்ந்திருக்க எந்த வயதும் தடையில்லை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 74. பயணத்தில் எனக்கு நாட்டம் இல்லை. தொலைக்காட்சியும் சலித்துவிட்டது. வீட்டில் இருந்தபடியே பயனுள்ளதாக என்ன செய்யலாம்?
– வாசகர், நாமக்கல்

பதில்: உங்களுக்கென்றே ஒரு வேலை காத்திருக்கிறது, ஐயா. தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய நூல்களும் பக்கம் பக்கமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. திரையின் ஒரு பாதியில் அச்சுப் பக்கத்தின் படம் இருக்கும், மறு பாதியில் அதைப் பார்த்துக் கணினியே எழுதிய எழுத்து வடிவம் இருக்கும். கணினி துணைக்காலை ‘ர’ என்று படித்துவிடும், ஒற்றைத் தின்றுவிடும், அடிக்குறிப்பைப் பத்தியின் நடுவில் கொண்டுபோய்ச் செருகிவிடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்திச் சேமிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒற்றுப்பிழையை ஒரு பார்வையில் பிடிக்கும் உங்கள் கண் அங்கே மிகவும் தேவைப்படுகிறது.

திருத்தப்படாத பக்கம் சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். நீங்கள் மெய்ப்புப் பார்த்து முடித்ததும் அது மஞ்சளாகும். பிறகு வேறு ஊரிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். கட்டணம் இல்லை, காலக்கெடு இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் செய்தாலும் போதும். கைப்பேசியின் சிறு திரையைவிடக் கணினியில் செய்வது கண்ணுக்கு நல்லது. கன்ட்ரோல் விசையையும் கூட்டல் குறி விசையையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து பெரிதாகும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து கூடத்தில் நாலு நடை நடந்துவிட்டு வாருங்கள். கணக்குத் தொடங்குவதையும் முதல் பக்கத்தையும் மட்டும் பேரப்பிள்ளையோ உங்கள் பழைய மாணவரோ பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தால், இரண்டாம் பக்கத்திலிருந்து நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.