வரிசை போடக் கணினி வந்துவிட்டது, வேலை இருக்குமா?

கேள்வி: என் மகள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆக விரும்புகிறாள். தரையிறங்கும் வரிசையை இப்போது கணினியே முடிவு செய்கிறதாமே, அந்த வேலை நிலைக்குமா? அந்த மென்பொருளில் சான்றிதழ் தருவதாக ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். இந்தக் கருவி ஒவ்வொரு விமான நிலையத்தின் ஓடுபாதைக்கும் வான்வழிக்கும் தக்கபடி அமைக்கப்படுவது. வேலைக்குத் தேர்வான பிறகு, அங்கேயே, அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழக முடியும். கட்டுப்பாட்டாளரின் தகுதிகூட அந்தந்தப் பணியிடத்துக்கென்றே வழங்கப்படுகிறது. வெளியில் விற்கும் சான்றிதழ் வெறும் காகிதம். அதை வைத்து வேலை வாங்கித் தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வேலை நிலைக்கும். ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் இத்தகைய கருவி 1989-லேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. இன்றும் திரைமுன் மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

திரையில் ஒரு நேரக்கோடு, அதில் வரிசையாக விமானங்களின் பெயர்கள். ஒன்றின் அருகே 4 என்றிருந்தால், அது நான்கு நிமிடம் பிந்தி வர வேண்டும். தொலைவிலேயே வேகத்தைக் குறைப்பதா, சற்றுச் சுற்றி வரச் செய்வதா என்பது கட்டுப்பாட்டாளரின் முடிவு. கனரக விமானம் கிளப்பும் காற்றுச்சுழலுக்காக, ராடார் கண்காணிப்பில் பின்னால் வரும் நடுத்தர விமானத்துக்கு 5 கடல் மைல், சிறியதற்கு 6 என்று இடைவெளி விடுவது வழக்கமான விதி. இந்தக் கணக்கில் கருவி தவறுவதில்லை.

தடுமாறுவது பக்கத்து ஊர் விமானத்திடம். தொலைவிலிருந்து வருபவற்றின் வரிசை உறுதியான பிறகு, அரை மணி நேரமே பறக்கும் ஒன்று இடையில் முளைக்கும். அது கிளம்பும் நேரத்தைக் கருவி ஊகித்துத்தான் வைத்திருக்கும். வராத பயணி ஒருவரின் பெட்டியை இறக்கப் பத்து நிமிடம் ஆகியிருந்தால் ஊகம் பொய்த்துவிடும். நடுவே நுழைத்தால் பின்னால் வருபவை எல்லாம் தள்ளிப்போகும். கடைசியில் போட்டால் அது வானில் வட்டமிட வேண்டும். முன்னதை விரைவுபடுத்தி, பின்னதை மெதுவாக்கி, நடுவில் இடம் உண்டாக்குபவர் கட்டுப்பாட்டாளர்.

இதைப் புரியாத நிர்வாகங்கள் விற்பனையாளரின் செயல்விளக்கத்தில் மயங்கி, பயன்படுத்தப்போகிறவரை ஒரு வார்த்தை கேட்காமல் கருவியை வாங்குகின்றன. பிறகு ஆள் பற்றாக்குறைக்கு அதையே மருந்து என்கின்றன. வேதனையாக இருக்கிறது.

மகளுக்குத் தேவை திறனறித் தேர்வுக்கான பயிற்சி, மருத்துவத் தகுதி, தெளிவான ஆங்கிலப் பேச்சு. ஆள்சேர்ப்பு அறிவிப்பை உங்கள் நாட்டின் அதிகாரபூர்வ அமைப்பின் தளத்தில் மட்டும் பாருங்கள். வயது வரம்பை முதலில் படியுங்கள்.