கியூவுக்கு எந்தத் தோல் டிப்? ஒட்டுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சொந்தமாக ஒரு பூல் கியூ (பந்தை அடிக்கும் கோல்) வாங்கியிருக்கிறேன். அதன் நுனியில் ஒட்டும் தோல் வில்லையான டிப் மென்மையாக இருந்தால்தான் பந்தில் சுழற்சி ஏறும் என்று மன்றத்தில் மூத்தவர்கள் சொல்கிறார்கள். அடுக்குத் தோல் டிப்பின் விலையோ சாதாரண டிப்பைவிடப் பல மடங்கு அதிகம். எதை வாங்குவது? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மென்மையான டிப் அதிகச் சுழற்சி தரும் என்பது ஆட்டக்காரர்களிடையே ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. அதிவேகக் கேமராவைக் கொண்டு அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. டிப் வெள்ளைப் பந்தைத் தொட்டிருப்பது ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே. மென்மையான டிப்பில் அந்த நேரம் சற்றுக் கூடுவது உண்மைதான். ஆயினும் பந்து எவ்வளவு சுழலும் என்பதை முடிவு செய்வன, மையத்திலிருந்து எவ்வளவு விலகி அடிக்கிறோம் என்பதும் கியூ எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதும்தான். பந்தின் ஆரத்தில் பாதித் தொலைவுக்கு மேல் விலகி அடித்தால் டிப் வழுக்கி மிஸ்க்யூ ஆகிவிடும், அதாவது அடி தவறிவிடும்; 57.15 மி.மீ. விட்டமுள்ள பூல் பந்தில் இந்த எல்லை மையத்திலிருந்து ஏறத்தாழ 14 மி.மீ. தொலைவில் வருகிறது. அந்த எல்லைக்கு அருகே டிப் வழுக்காமல் பிடிக்க வேண்டுமானால், அதன் மேற்பரப்பில் சாக் தூள் (வழுக்காமலிருக்க டிப்பில் தேய்க்கும் கட்டியின் தூள்) நன்றாகப் படிந்திருக்க வேண்டும். வளைவும் சரியாக இருக்க வேண்டும். மென்மையான தோலில் சாக் எளிதாகப் படிகிறது. அதற்குக் கிடைத்த நற்பெயர் அங்கிருந்துதான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் வேறுபாடே இல்லையா என்று கேட்பீர்கள். கைக்குத் தெரியும் உணர்விலும், காதுக்குக் கேட்கும் ஒலியிலும், பராமரிப்பிலும் வேறுபாடு உண்டு. மென்மையான டிப் அடி வாங்க வாங்க அமுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கும். கடினமானது வடிவம் மாறாமல் நெடுநாள் உழைக்கும், ஆனால் மேற்பரப்பு விரைவில் மினுமினுப்பாகிவிடுவதால் அதை அவ்வப்போது சொரசொரப்பாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் கியூவுக்கு நடுத்தரக் கடினமுள்ள டிப்பையே பரிந்துரைப்பேன்.

ஒற்றைத் தோல் டிப்புகளில் அமெரிக்காவின் ட்வீட்டன் நிறுவனத்தார் தயாரிக்கும் எல்க் மாஸ்டர் மென்மையானது; அவர்களுடைய டிரையாங்கிள் கடினமானது. ஜப்பானின் மூரி, கமுயி போன்றவை மெல்லிய பன்றித் தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்திச் செய்யப்படும் அடுக்கு டிப்புகள். அடுக்கு டிப்புக்குக் கொடுக்கும் கூடுதல் விலை உண்மையில் ஒருசீர்மைக்கான விலை. இன்று வாங்கியதும் அடுத்த ஆண்டு வாங்கப்போவதும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஒற்றைத் தோலில் ஒரே பெட்டிக்குள்ளேயே ஒன்று இளகியும் ஒன்று இறுகியும் இருக்கக்கூடும். பெட்டியாக வாங்கி, நகத்தால் அழுத்திப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால் மலிவான ஒற்றைத் தோலே போதும். எதை வாங்கினாலும் கியூ நுனியின் அளவுக்குச் சமமாகவோ சற்றுப் பெரியதாகவோ வாங்குங்கள். பெரியதைச் சீவிக் குறைக்கலாம், சிறியதை ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: நானே பெவிக்விக் வைத்து டிப் ஒட்டினேன். இரண்டு முறையும் சில நாட்களில் கழன்று விழுந்துவிட்டது. பசை சரியில்லையா? – வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: பசையைக் குறை சொல்வதற்கு முன் கியூவின் நுனியைப் பாருங்கள். டிப் கழன்றதாக எனக்கு எழுதியவர்களில் பெரும்பாலோர் பசையை மாற்றிப் பார்த்திருக்கிறார்களே தவிர, பூணின் முகம் மட்டமாக இருக்கிறதா என்று சோதித்ததில்லை. (கியூவின் நுனியில் வெள்ளை பிளாஸ்டிக்காகவோ பித்தளையாகவோ இருக்கும் ஃபெரூலையே பூண் என்கிறேன்.) அந்த முகம் சற்றே குவிந்திருந்தாலும் டிப்பின் அடிப்பாகம் நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு, விளிம்பில் வெறும் பசையின்மேல் நிற்கும். சுழற்சிக்காக ஓரத்தில் அடிக்கும் ஒவ்வொரு அடியும் அந்த விளிம்பைத்தான் நெம்புகிறது.

பழைய டிப்பைத் திருகிப் பிடுங்காதீர்கள். புதிய பிளேடால் சீவி எடுங்கள். எஞ்சிய பசையையும் பிளேடின் விளிம்பால் சுரண்டியே எடுக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தால் துடைப்பவர்கள் உண்டு. அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருப்பதால் பிளாஸ்டிக் பூண் இளகிப்போகும் ஆபத்து இருக்கிறது. அடுத்து, மட்டமான சிறு மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, கியூவை மெல்லச் சுழற்றியபடியே பூணின் முகத்தைத் தேயுங்கள். உப்புத்தாளைத் தரையில் வைத்து அதன்மேல் கியூவைத் தேய்த்தால் கை ஆடி முகம் குவிந்துவிடும். தேய்த்த பின் எஃகு அளவுகோலின் விளிம்பை முகத்தின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் ஒளிக்கீற்று தெரியாதபோதுதான் வேலை முடிந்ததாகப் பொருள். இந்த ஒரு படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள்.

டிப்பின் அடிப்பாகத்தையும் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, தூளைத் தட்டிவிட்டு, அதன்பின் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டுவதைக் கெடுக்கும். நீங்கள் பயன்படுத்தும் நீர்த்த பசை தோலுக்குள்ளும், பித்தளைப் பூணின் நடுவே தெரியும் மரத்துக்குள்ளும் உறிஞ்சப்பட்டு, இணைப்பு வறண்டுபோக வாய்ப்புண்டு. அதே வகைப் பசையில் கூழ்போல் கெட்டியாக இருக்கும் ஜெல்லை வாங்கி, பூணின் நடுவில் ஒரு சிறு துளி வையுங்கள். டிப்பை வைத்து, மையம் பார்த்து, ஒரு நிமிடம் நேராக அழுத்திப் பிடித்துவிட்டு, முடிந்தால் ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்.

மறுநாள் பூணைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, கியூவைத் தலைகீழாகப் பிடித்து டிப்பை ஒரு பலகையின்மேல் அழுத்தி வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தோலைப் பூணின் பக்கத்திலிருந்து கீழ்நோக்கிச் சிறிது சிறிதாகச் சீவுங்கள். எதிர்த்திசையில் சீவினால் பிளேடு டிப்பை நெம்பும். பின்னர் 400, 600 எண் உப்புத்தாள்களால் பக்கச்சுவரைத் தேய்த்து, விளிம்பை லேசாக ஈரப்படுத்தி, ஒரு தோல் துண்டால் சூடேறும்வரை உரசினால் அது இறுகிப் பளபளப்பாகும். மேற்பரப்புக்கு மட்டும் ஒருபோதும் இந்தப் பளபளப்பு வரக் கூடாது.

கேள்வி: டிப்பை எவ்வளவு உருண்டையாகத் தேய்க்க வேண்டும்? – வாசகர், மதுரை

பதில்: பூல் ஆட்டக்காரர்கள் அமெரிக்க நாணயங்களை அளவாகச் சொல்வார்கள். நிக்கல் எனப்படும் ஐந்து சென்ட் நாணயத்தின் வளைவு ஒன்று. டைம் எனப்படும் பத்து சென்ட் நாணயத்தின் வளைவு மற்றொன்று. நிக்கலின் விட்டம் 21.2 மி.மீ., டைமின் விட்டம் 17.9 மி.மீ. 2011-இல் அறிமுகமான வரிசையைச் சேர்ந்த நம் ஒரு ரூபாய் நாணயம் நிக்கலுக்கு நெருக்கமானது. அதை டிப்பின் பின்னால் பக்கவாட்டில் பிடித்து, இரண்டின் வளைவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 13 மி.மீ. பூல் டிப்புக்கு அந்த வளைவே போதும். மெல்லிய நுனியுள்ள ஸ்னூக்கர் கியூவை இன்னும் சற்று உருண்டையாக வைத்துக்கொள்வது வழக்கம். தட்டையான டிப்பில் ஓரத்து அடியின்போது விளிம்புதான் பந்தில் படும்; அங்கே சாக் இருப்பதில்லை.

கேள்வி: எங்கள் ஊர் பூல் பார்லரில் உள்ள கியூக்களில் டிப் திருகாணியோடு வருகிறது. அதில் நல்ல தோலை ஒட்ட முடியுமா? – வாசகர், சேலம்

பதில்: ஒட்டலாம், ஆனால் பயன் குறைவு. திருகு தளர்ந்துகொண்டே இருக்கும். அந்தச் செலவுக்குப் பூண் உள்ள எளிய கியூ ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது.

கேள்வி: கியூவின் நுனியில் முதன்முதலில் தோலை ஒட்டியவர் யார்? – வாசகர், உதகமண்டலம்

பதில்: 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் பிரான்சுவா மேங்கோ என்பவர் என்று மரபாகச் சொல்கிறார்கள். சிறையில் இருந்த காலத்தில் அவர் இதைக் கண்டறிந்தார் என்பதும் அந்த மரபின் பகுதியே. அவர் 1827-இல் பாரிஸில் பில்லியர்ட்ஸ் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். வெறும் மரத்தால் அடித்த வரையில் பந்தின் நடுவைவிட்டு அதிகம் விலக முடியவில்லை. தோல் வந்த பிறகே வெள்ளைப் பந்தைப் பின்னோக்கி இழுக்கும் அடி கைக்கு வசப்பட்டது. இன்றைய சாக் கட்டிக்கான காப்புரிமையை 1897-இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பிங்க்ஸ், வில்லியம் ஹாஸ்கின்ஸ் இருவரும் பெற்றனர். ஸ்னூக்கரின் விதிகள் 1880-களில் உங்கள் ஊரின் மன்றத்தில்தான் எழுதி வைக்கப்பட்டன என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அங்கே ஆடியவர்கள் கையில் இருந்ததும் தோல் வைத்த கியூதான்.

கேள்வி: புதிய டிப் சில வாரங்களிலேயே காளான்போல விரிந்துவிட்டது. மாற்றிவிட வேண்டுமா? – வாசகர், சென்னை

பதில்: விரிந்ததற்காக மட்டும் மாற்ற வேண்டாம். புதிய தோல் முதல் சில ஆட்டங்களில் அமுங்குவது இயல்பு. பிதுங்கிய பகுதியை முன்சொன்ன முறையில் சீவி, பக்கச்சுவரை மீண்டும் இறுக்குங்கள். சிலர் பக்கச்சுவரில் நீர்த்த பசையை மெல்லப் பூசி உலரவிடுகிறார்கள். வேகமாக அடித்து ஆடும் பூலுக்கு அது உதவுகிறது, மேற்பரப்பில் ஒரு துளியும் படாமல் இருந்தால். ஈரக்காற்றில் தோல் இளகும் என்பதால் கடலோர ஊரில் கியூவை உறையிலிட்டு வைப்பதும் நல்லது. மாற்ற வேண்டிய நேரத்தை விளிம்பின் உயரமே காட்டும். பக்கச்சுவரில் தோல் 2 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிட்டால், ஓரத்து அடியில் பூணே பந்தில் மோதத் தொடங்கும். அடிக்கும்போது வழக்கமான ஒலி மாறி மந்தமாகக் கேட்டாலும் டிப் கழலத் தொடங்கியிருக்கலாம். விளிம்பைச் சுற்றிலும் நகத்தால் நெம்பிப் பாருங்கள், இடைவெளி தெரிந்தால் அன்றே எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள்.