சேவரை மூடிவிடலாமா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சிலர் சேர்ந்து மலையகத் தமிழர்களுக்கென்று மாஸ்டடானில் ஒரு சேவர் நடத்துகிறோம். மாஸ்டடான் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத சமூக வலைத்தளம்; பலர் தனித்தனியாக நடத்தும் சேவர்கள் (கணினிகள்) பதிவுகளை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும். வேறொரு சேவரில் இருக்கும் ஒருவர் எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியின் படத்தைப் போட்டு, "மேல் டிவிஷன், அஞ்சாம் லயம்" என்று எழுதியிருந்தார். நாங்கள் நீக்கிவிட்டோம். அங்கே இன்னும் இருக்கிறது. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் இலங்கையின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. மூடிவிடலாமா?

ஒரு வாசகர், ஹட்டன்

அன்புள்ள தம்பி,

மூடாதீர்கள்.

அந்தப் பதிவில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை, பிள்ளையின் பெயரும் இல்லை. எங்கோ வெளிநாட்டில் இருந்து முறைப்பாடுகளைப் பார்ப்பவருக்கு இதில் என்ன தப்பு என்றே விளங்காது. லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இன்னதென்று சொன்னால் வீட்டையே காட்டிக்கொடுத்த மாதிரி என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உடனே நீக்கினீர்கள். 2018 மார்ச்சில் கண்டிக்கு அருகே திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வெறுப்பைப் பரப்பிய சிங்களப் பதிவுகளை பேஸ்புக் நேரத்துக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அரசாங்கம் பேஸ்புக்கையே முடக்கியது. 2020இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கடை எரிந்தவருக்கு அதனால் என்ன?

நீங்கள் நீக்கியது உங்களிடம் வந்த பிரதியை மட்டும்தான். அந்த சேவரின் நிர்வாகிக்கு முறைப்பாடு அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தொடர்பையே துண்டித்துவிடுங்கள். 2019இல் வெறுப்புப் பதிவுகளுக்குப் பெயர்போன கேப் (Gab) என்ற தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது பல சேவர்கள் அப்படித்தான் கதவைச் சாத்தின. ஆனால் துண்டித்தால் படம் அழியாது. அதற்குச் சட்டம்தான் வேண்டும். பிள்ளையின் வீட்டார் விரும்பினால் பொலிசுக்குக் கூடவே போங்கள். இணைப்பையும் திகதியையும் குறித்து வையுங்கள், படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

சரி, நீங்கள் பயப்படும் அந்தச் சட்டம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் ஆணைக்குழுவிடம் கொடுத்ததுதான் எனக்குக் கோபம். சம்பளப் பிரச்சினை பற்றி ஒரு தொழிலாளி எழுதுவதை அவர்கள் பொய் என்று சொன்னால்? ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும், வருமானமும் குறைந்த நிறுவனங்களுக்குப் பல கடமைகளில் விலக்குத் தருகிறது. அந்த அளவுகோல் இங்கேயும் வேண்டும். அதற்காக, யாருக்கும் சொந்தமில்லாத வலை என்று நீங்கள் தட்டிக்கழிக்க முடியாது. உங்கள் சேவருக்கு நீங்கள்தான் பொறுப்பு. விதிகளைத் தமிழில் எழுதி முகப்பில் போடுங்கள். முறைப்பாடு கேட்க இரண்டு பேராவது இருக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். இப்படிப்பட்ட படத்தை ஆம்பிளைகளிடம் காட்ட எந்தப் பிள்ளையும் வரமாட்டாள்.