தூணில் விரிசல்: பூசி மறைக்க விடாதீர்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சென்னைப் புறநகரில் இருக்கிறது. வீடுகளை ஒப்படைத்து நான்கு ஆண்டு எட்டு மாதம் ஆகிறது. கார் நிறுத்தும் தளத்துத் தூண்களில் வலைபோல் விரிசல் விட்டு, வெண்ணிறப் பிசின் கசிகிறது. சிமென்டுக்கும் ஜல்லிக்கும் இடையிலான வேதிவினையாக இருக்கலாம் என்கிறார் பொறியாளர். "கல்லின் குணத்துக்கு நான் பொறுப்பா? பூசி, பெயின்ட் அடித்துத் தருகிறேன்" என்கிறார் கட்டுநர். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் உங்களுக்கு மிச்சமிருப்பது நான்கே மாதம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14(3)-இன்படி, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையைத் தெரிவித்தால், கட்டுநர் 30 நாளில் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம். வாய்ப்பேச்சு போதாது. படங்களுடன் எழுத்து மூலமாக, ஒப்புகையுடன் இந்த வாரமே அனுப்புங்கள்.

அடுத்தது சான்று. சிமென்டிலுள்ள சோடியம், பொட்டாசியக் காரங்கள் சிலவகை ஜல்லியின் சிலிக்காவோடு வினைபுரிந்து ஒரு கூழாகின்றன. அது ஈரத்தை உறிஞ்சி உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. மேற்பூச்சு இதை நிறுத்தாது. உங்கள் சாட்சியத்தைத்தான் மூடும். ஆனால் வெறும் சுண்ணாம்புக் கசிவும் வெண்மையாகத்தான் தெரியும், கம்பி துருப்பிடித்தாலும் விரிசல் வரும். ஆகவே கண்ணால் பார்த்துச் சொன்ன கருத்து வழக்கில் நிற்காது. கட்டுநருக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து, கட்டமைப்புப் பொறியாளர் காட்டும் இடத்தில் துளையிட்டு மாதிரி எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் நுண்ணோக்கிப் பரிசோதனை செய்யுங்கள்.

"கல்லின் குணம்" என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். ஜல்லியைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தானே! இந்த வினையைச் சோதிக்கும் முறை ஐஎஸ் 2386 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் ஏழாம் பகுதியில் 1963 முதலே இருக்கிறது. காரம் குறைந்த சிமென்ட், அனல்மின் நிலையச் சாம்பல் அல்லது இரும்பு உலைக் கசடு கலத்தல் என்று தடுக்கும் வழிகளையும் கான்கிரீட்டுக்கான தர நிர்ணயமான ஐஎஸ் 456:2000 சொல்கிறது. குவாரி மீது அவருக்குக் குறையிருந்தால் அதை அவர் தனியே தீர்த்துக்கொள்ளட்டும். உங்களோடு ஒப்பந்தம் போட்டவர் அவர்.

30 நாளில் அசையாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தை நாடுங்கள். நுகர்வோர் ஆணையமும் ஒரு வழிதான். ரியல் எஸ்டேட் சட்டம் வந்ததால் அந்தக் கதவு அடைபடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கிவிட்டது. அங்கே வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டு வரம்பு உண்டு.

பெயின்ட் வேலைக்கென்று கட்டுநர் ஏதேனும் தாள் நீட்டினால், "எல்லாக் குறைகளும் தீர்ந்தன" என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சங்கத்தில் எவரும் கையெழுத்திடக் கூடாது.