ஆறு பேர் திரும்பி வரவில்லை

அன்புள்ள ஐயா,

நான் மதுரைப் பக்கம். அமெரிக்காவில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இங்கே ஃபிரட்டர்னிட்டி என்ற மாணவர் சகோதரச் சங்கம் ஒன்றில் சேரச் சொல்லி அழைக்கிறார்கள். பின்னால் வேலை கிடைக்க உதவும் என்கிறார்கள். குடி, கூத்து, புதிதாகச் சேருகிறவர்களை வதைப்பது என்று வேறு விதமாகவும் கேள்விப்படுகிறேன். என் அறைத்தோழன் கறுப்பின மாணவன். ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற ஃபிரட்டர்னிட்டியில் இருக்கிறான். அதற்குப் பெரிய வரலாறு உண்டு என்கிறான். வெள்ளைக்காரர்களைப் பார்த்து நகலெடுத்த அமைப்புக்கு என்ன வரலாறு இருக்க முடியும்? பெயரில் இருக்கும் கிரேக்க எழுத்துக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? என்னோடு வந்த நம் ஊர்ப் பையன் ஒருவன் முதல் செமஸ்டரோடு படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான், அதனால் எனக்கும் தனிமைதான். சேரலாமா?

கே.

அன்புள்ள கே.,

சில மாதங்களாக ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவின் தொடக்க காலத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ‘நகலெடுத்த’ என்ற சொல்லைப் படித்ததும் கோபம் வந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் பையனிடம் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்லியிருப்பான். அவனிடம் கேட்காமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரில் இருக்கிறது கார்னெல் பல்கலைக்கழகம். 1904-05 கல்வியாண்டில் அங்கே படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. யாரும் அவர்களை வெளியேற்றவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போனார்கள், வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் குளிர் ஊரில் சேர்ந்து உட்கார்ந்து படிக்க ஆள் கிடையாது, பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. வெள்ளை மாணவர்களுக்கு ஃபிரட்டர்னிட்டி வீடுகள் இருந்தன. சாப்பாடு, படுக்கை, பழைய தேர்வுத் தாள், முன்னால் படித்துப் போனவர்களின் அறிமுகம், எல்லாமே அங்கே கிடைத்தன. கறுப்பின மாணவர்களில் சிலரும் அந்த வீடுகளுக்குள் போனார்கள், சாப்பாடு பரிமாறும் வேலைக்கு. சக மாணவன் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, மறுநாள் காலை அதே வகுப்பில் அவனுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார வேண்டும். இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

மிச்சம் இருந்தவர்கள் 1905-06-இல் ஒரு வீட்டில் ஒன்றுகூட ஆரம்பித்தார்கள். கூட்டியவர் சார்லஸ் பாயின்டெக்ஸ்டர் என்ற ஆராய்ச்சி மாணவர். கட்டுரை வாசிப்பது, விவாதிப்பது, பாடத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது, இவ்வளவுதான் முதலில். அது இலக்கிய வட்டமாகவே இருந்தால் போதும் என்று அவர் நினைத்தார். மற்றவர்களுக்கு அது போதவில்லை. வாரம் ஒரு மாலை சந்தித்துவிட்டுப் போகிற வட்டம் ஒருவனைக் கல்லூரியில் நிறுத்தி வைக்காது, விடமுடியாத ஒரு பந்தம் வேண்டும் என்றார்கள். 1906 டிசம்பர் 4 அன்று ஏழு பேர் அதை ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற ஃபிரட்டர்னிட்டி ஆக்கினார்கள். பாயின்டெக்ஸ்டர் விலகிக்கொண்டார்.

அந்த ஏழு பேரை ‘ஏழு ரத்தினங்கள்’ என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். ஹென்றி காலிஸ், சார்லஸ் சாப்மன், யூஜீன் ஜோன்ஸ், ஜார்ஜ் கெல்லி, நத்தானியல் மர்ரி, ராபர்ட் ஓகிள், வெர்ட்னர் டேண்டி. டேண்டி பின்னால் நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர் ஆனார். காலிஸ் மருத்துவர். ஜோன்ஸ் கறுப்பின மக்களுக்காக இயங்கிய தேசிய நகர்ப்புற லீக் என்ற அமைப்பை நடத்தினார். முதல் ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்த பாயின்டெக்ஸ்டர் அந்த ஏழில் இல்லை. எனக்கு இது மனத்தில் குத்திக்கொண்டே இருக்கிறது. அமைப்பு வேண்டும் என்ற விவாதத்தில் ஏழு பேர் சொன்னதுதான் சரி, சந்தேகமில்லை. ஆனால் ஆறு பேர் காணாமல் போன பிறகு மிச்சம் இருந்தவர்களைத் தேடிப் போய் ‘வாருங்கள், சேர்ந்து உட்காருவோம்’ என்று கூப்பிட்டவர் அவர்தானே?

கிரேக்க எழுத்து விஷயம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. 1776-இல் ஃபை பீட்டா கப்பா என்ற மாணவர் சங்கம் தொடங்கிவைத்த வழக்கம், எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வதை பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. இந்த அமைப்பும் அதற்கு விலக்கல்ல. 1990-இல் கறுப்பின ஃபிரட்டர்னிட்டிகள் சேர்ந்து புதிதாகச் சேருகிறவர்களைச் சோதனைக் காலத்தில் வைக்கும் பழைய பிளெட்ஜிங் முறையைக் கைவிட்ட பிறகும் மறைவில் நடந்திருக்கிறது. யாராவது உங்கள் மேல் கை வைத்தால் அந்த நிமிடமே வெளியே வந்துவிடுங்கள்.

சரி, நகல் என்றீர்களே. 1942-இல் எல்மர் ஹென்டர்சன் என்ற அரசு ஊழியர் வேலையாக வாஷிங்டனிலிருந்து தெற்கே ரயிலில் போனார். சாப்பாட்டுப் பெட்டியில் சமையலறையை ஒட்டிய இரண்டு மேஜைகள் கறுப்பினத்தவருக்கு, நடுவில் ஒரு திரை. அன்று கூட்டம் அதிகம், அந்த மேஜைகளிலும் வெள்ளையர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது, அவருக்குத் தரவில்லை. இடம் ஆனதும் கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. மறுபடி இரண்டு முறை போய்ப் பார்த்தார். இரவு 9 மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியையே கழற்றிவிட்டார்கள். அவர் முறையிட்டார், அந்த வழக்கு எட்டு ஆண்டு நடந்தது. உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய பெல்ஃபோர்ட் லாசன் அப்போது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவின் தேசியத் தலைவர். வழக்கை நடத்த அமைப்பு துணை நின்றது. 1950 ஜூனில் தீர்ப்பு ஹென்டர்சன் பக்கம் வந்தது. வெள்ளையர் வீடுகளில் தட்டு எடுத்தவர்கள் ஆரம்பித்த அமைப்பு, ஒரு ரயில் பெட்டியின் திரையை எடுக்க வைத்திருக்கிறது. வெளித்தோற்றத்தை வேண்டுமானால் வெள்ளையரிடமிருந்து எடுத்திருக்கலாம். இதை யாரைப் பார்த்து நகலெடுத்தார்கள், சொல்லுங்கள்?

ஆனால் எனக்கு ரயில் வழக்கைவிட அந்த ஆறு பேர்தான் முக்கியம். அவர்களைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது எங்கள் அறையில் நான்கு பேர். ஒருவன் பொங்கல் விடுமுறைக்குப் போனவன் வரவில்லை. அவனுடைய தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. பச்சைப் பெயின்ட், மூடியில் வெள்ளை எழுத்தில் பெயரும் ஊரும். பெருக்கும்போது அதை நகர்த்திப் பெருக்கிவிட்டு மறுபடி தள்ளி வைப்போம். வந்துவிடுவான் என்று நினைத்தோம், அப்புறம் அந்த நினைப்பும் விட்டுப்போனது. மார்ச் மாதம் அவன் அப்பா வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து பெட்டியை இழுத்தார். என்ன ஆச்சு என்று கேட்டோம். இங்கிலீஷ்ல நடத்துற பாடம் புரியலைன்னு அழுதான் என்றார். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, “நீங்க யாராச்சும் ஒரு லெட்டர் போட்டிருந்தா வந்திருப்பான் தம்பி” என்றார். ஊர்ப் பெயர் இரண்டு மாதமாக எங்கள் கண்ணெதிரிலேயே எழுதியிருந்தது.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் வேறொரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். “ஒருவன் முதல் செமஸ்டரோடு படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான், அதனால் எனக்கும் தனிமைதான்.” அவன் போனதை எழுதிய அதே மூச்சில் உங்களுக்கு ஏற்பட்ட குறையைச் சொல்லிவிட்டீர்கள். ஏன் போனான்? பணமா, பாடமா, குளிரா, யாராவது ஏதாவது சொன்னார்களா? இப்போது எங்கே இருக்கிறான்? உங்களை வேதனைப்படுத்த இதைக் கேட்கவில்லை, தம்பி. இருபது வயதில் நானும் கேட்காமல் இருந்தவன்தான்.

ஃபிரட்டர்னிட்டியில் சேருவது உங்கள் விருப்பம். உங்களை அழைக்கிறவர்களிடம் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: போன வருடம் அவர்களில் படிப்பில் தடுமாறியவன் யார், அவனுக்கு என்ன செய்தார்கள்? பெயர் சொல்லிப் பதில் சொன்னால் யோசிக்கலாம்.

அதற்கு முன்னால், அந்தப் பையனின் எண் உங்களிடம் இன்னும் இருக்கும். இன்றைக்கே பேசுங்கள். பேசியதும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.