சாத்தாத கதவு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இணையத்தில் வரலாறு வாசிக்கும் குழு ஒன்று நடத்துகிறோம். நானூறு பேர் இருக்கிறோம். இதுவரை எல்லா முடிவையும் ஒருவரே எடுத்துவந்தார். இனி ரோமக் குடியரசை மாதிரியாக வைத்து விதிகள் எழுதப் போகிறோம். ஆண்டுக்கு இரண்டு கான்சல்கள் (தலைமை ஆட்சியாளர்கள்), குழுவைத் தொடங்கிய முப்பது பேருக்கு ஆயுள் முழுக்க செனட் எனும் மூத்தோர் அவை, அவசரத்துக்கு ஒரு சர்வாதிகாரி. எதையாவது விட்டுவிட்டோமா?

க.ம.

அன்புள்ள க.ம.,

எளிய மக்களைக் காக்கும் டிரிப்யூன் என்ற பதவியை விட்டுவிட்டீர்கள். நானாக இருந்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

கி.மு. 494இல் கடன் தாங்காமல் ரோமின் எளிய மக்களான பிளீபியர்கள் நகரத்தைவிட்டு வெளியேறி ஒரு குன்றில் போய் உட்கார்ந்துகொண்டார்கள் என்பது மரபு. சண்டைக்குப் போக ஆள் இல்லாமல் போகவே, பத்ரீசியர்கள் எனும் மேட்டுக்குடியினர் வேறு வழியின்றி ஒப்புக்கொண்ட பதவி அது. டிரிப்யூனிடம் படை கிடையாது. ஆனால் கான்சலின் ஆட்கள் ஒருவனை இழுத்துப் போகும்போது அவர் குறுக்கே வந்து தடுத்தால் நிறுத்தியே ஆகவேண்டும். அவர்மேல் கை வைப்பவனைக் கொல்லலாம் என்று மக்கள் சத்தியம் செய்திருந்தார்கள். பதிலுக்கு அவரும் இரவில் நகரத்தைவிட்டு வெளியே தங்கக் கூடாது, வீட்டுக் கதவைச் சாத்தக் கூடாது. நடுராத்திரியில் உயிருக்குப் பயந்து ஓடிவருகிறவன் வாசலில் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதல்லவா? ரோமில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கதவுதான். உங்கள் குழுவில் ஒருவரை இரவோடு இரவாக நீக்கிவிட்டால் அவர் யார் வீட்டுக் கதவுக்குப் போவார்? முதல் விதியாக அதை எழுதுங்கள்.

இரண்டு கான்சல்கள் சரி. ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். சர்வாதிகாரிக்கு ரோமில் ஆறு மாதம்தான். கி.மு. 82இல் தளபதி சுல்லா காலவரம்பில்லாமல் அந்தப் பதவியை எடுத்துக்கொண்டார். கி.மு. 44இல் சீசர் வாழ்நாள் முழுவதற்கும் எடுத்துக்கொண்டார். உங்கள் திட்டத்தில் நாள் கணக்கே இல்லை.

செனட் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. ரோம செனட்டுக்கு எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும் சட்டம் செய்யும் உரிமை இல்லை, ஆலோசனை சொல்லலாம். சட்டம் மக்கள் அவைகளில்தான் நிறைவேறியது. அங்கேயும் எண்ணிக்கையில் ஒரு சூழ்ச்சி உண்டு. கான்சல்களைத் தேர்ந்தெடுத்த அவையில் 193 வாக்குத் தொகுதிகள், தொகுதிக்கு ஒரு வாக்கு. ஆரம்பத்தில் அவற்றில் 98 வசதியுள்ளவர்களுடையவை. அவர்கள்தான் முதலில் வாக்களிப்பார்கள், பெரும்பான்மை வந்ததும் வாக்கெடுப்பு முடிந்துவிடும். சொத்தில்லாத அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தொகுதி. அவர்கள் முறை வருவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உங்கள் முப்பது பேருக்கு மரியாதை கொடுங்கள், தனி வாக்குப் பலம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், அந்த முப்பதில் யாரும் டிரிப்யூன் ஆகக் கூடாது. ரோமிலும் பத்ரீசியர்களுக்கு அந்தப் பதவி கிடையாது. கி.மு. 59இல் குளோடியஸ் என்ற பத்ரீசியர் டிரிப்யூன் ஆவதற்காகவே ஒரு பிளீபியருக்குத் தத்துப் போனார். தத்து எடுத்தவர் வயதில் இவரைவிட இளையவர் என்று பேச்சாளர் சிசரோ பொருமினார். அந்த ஓட்டையையும் இப்போதே அடைத்துவிடுங்கள்.